ஒரே வயர், மூணு பொட்டி

பழைய விண்ணப்பப் படிவங்களில் தொலைபேசி எண்ணை எழுதிவிட்டுப் பக்கத்தில் "பி.பி." என்று ரெண்டு எழுத்து போடுவோமே, ஞாபகம் இருக்கா? அதற்கு விரிவாக்கம் ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. அர்த்தம் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான்: போன் நம்ம வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கு, நீங்க கூப்பிட்டால் அவங்க வந்து எங்களைக் கூட்டிட்டுப் போவாங்க. தாராவி சந்துகளிலும் மாட்டுங்காவின் பழைய கட்டடங்களிலும் செம்பூர் காலனிகளிலும் ஊர்ச் சாவுச் செய்தியும் கல்யாணச் செய்தியும் இப்படி அடுத்த வீட்டு போன் வழியாகத்தான் வந்து சேர்ந்தன.

மும்பையில் எதுவுமே ஒரு ஆளுக்கு முழுசாகக் கிடைக்காது என்பது புதுசா ரயிலேறி வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம். டீ கூட இங்கே பாதிதான், கட்டிங் சாய். குழாய் பங்கு, சாலில் கழிப்பறை பங்கு, ரயிலில் மூணு பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கும் பங்கு. அப்படிப்பட்ட ஊரில் இணையம் மட்டும் தனியாகவா வரும்? ஒரு வீட்டுக்கு வந்த ஒரே இணைப்பை விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத கம்ப்யூட்டர்கள் எப்படிப் பங்கு போட்டன என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கும், பொறுத்துக்கோங்க.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். இணைப்பைப் பங்கு போடுவது என்றால் வேகத்தைப் பங்கு போடுவது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் நாம் பங்கு போடுவது பெயரை. வீட்டுக்குள் எத்தனை பொட்டி இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே ஒரு முகவரி. ரேஷன் கார்டில் ஆறு பேர் இருந்தாலும் மேலே குடும்பத் தலைவர் பெயர் ஒண்ணு மட்டும் இருக்கிற மாதிரி. இந்த விஷயம் 2008-ல் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் எப்படி வந்து கதவைத் தட்டியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் மொட்டை மாடி வயர்.

மும்பையில் ஒரே வயரைப் பல வீடுகள் பிடித்த கதை இணையத்துக்கு முன்னாடியே தொடங்கிவிட்டது. 1980களில் அடுக்குமாடிக் கட்டடங்களில் யாராவது ஒருத்தர் ஒரு வி.சி.ஆர். வைத்துக்கொண்டு எல்லா வீட்டுக்கும் வயர் இழுத்து ராத்திரி சினிமா போடுவார். 1991 வளைகுடாப் போரின்போது சி.என்.என்., அதே வருஷம் ஸ்டார் டிவி என்று வந்ததும் வி.சி.ஆர். இடத்தில் டிஷ் ஆன்டெனா வந்தது. ஒரு டிஷ், நூறு வீடு. அரசாங்கம் கேபிள் டிவிக்கு ஒழுங்காக ஒரு சட்டம் போட்டதே 1995-ல்தான். அதற்குள் நகரத்தின் மொட்டை மாடிகள் எல்லாம் கொடி கட்டின மாதிரி வயரால் நிறைந்துவிட்டன. இந்தக் கேபிள்காரர்களை மறந்துவிடாதீங்க, திரும்பவும் வருவாங்க.

இந்தியாவின் இணையமே ஆரம்பத்தில் பங்கு போட்ட வயர்தான். 1986-ல் தொடங்கிய எர்னெட் திட்டத்தில் ஐ.ஐ.டி.க்கள், பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி., மும்பை ஜூஹுவில் இருந்த என்.சி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்திருந்தன. 1980களின் கடைசியில் இந்த நிறுவனங்களின் வெளிநாட்டு மின்னஞ்சல்கள் என்.சி.எஸ்.டி. வழியாகத்தான் போய்வந்தன. நாட்டின் பெரிய பெரிய பேராசிரியர்கள் எல்லாம் ஒரே குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்ற காலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். கொடுத்தது. அன்றைக்கு இந்த ஊர் அதிகாரப்பூர்வமாகப் பம்பாய்தான், சில மாதம் கழித்துத்தான் மும்பை ஆனது. டயல்-அப் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். மாணவர்களுக்கு மலிவாக ஷெல் அக்கவுண்ட் என்று ஒண்ணு இருந்தது. அதில் படம் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான். இதிலே ஒரு நல்லது பாருங்க, வெறும் எழுத்து என்பதால் விண்டோஸா, மேக்கா, பழைய டாஸ் பொட்டியா என்ற பேதமே இல்லை. மோடம் இருந்தால் போதும். பேதம் வந்தது படம் காட்டும் டி.சி.பி./ஐ.பி. கணக்கு பரவலான பிறகுதான்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1996-ல் இங்கே வந்தேன். ஏறக்குறைய முப்பது வருஷமாகச் செம்பூர்வாசி. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இணையம் கொடுக்கலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்த பிறகு விலை இறங்கி, எங்கள் வீட்டுக்கும் ஒரு டயல்-அப் கணக்கு வந்தது. ஒரு ரூம், ஒரு கிச்சன், அதில் மூணு கம்ப்யூட்டர். ஆபீஸ் வேலைக்கு என்னுடைய விண்டோஸ் 98. மச்சான் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் என்று தமிழ் டி.டி.பி. செய்து கொண்டிருந்தார், அவருடையது பழைய பவர் மேக்கின்டாஷ். இன்ஜினியரிங் படிக்க வந்த அக்கா பையன் லேமிங்டன் ரோடில் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிய ஒரு பொட்டி, அதில் லினக்ஸ். மூணு பேருக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் இணையம் வேண்டும். போன் லைனோ ஒண்ணு. அந்த நேரத்தில் ஊரிலிருந்து அம்மா போன் செய்தால் என்கேஜ்டு டோன்தான் கேட்கும்!

"ஒரு வயரை மூணாப் பிரிச்சு விட்டா ஆச்சு, கரண்டு மாதிரிதானே மாப்ள?" என்றார் மச்சான்.

கரண்டு மாதிரி இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கரண்டு எந்த விளக்குக்குப் போனாலும் வெளிச்சம்தான். இணையத்தில் நீங்க கேட்ட பக்கம் உங்களுக்கும் நான் கேட்ட பக்கம் எனக்கும் வர வேண்டும். அதற்கு ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி வேண்டும். அன்றைய முகவரி முறைக்கு ஐ.பி. நான்காம் பதிப்பு என்று பெயர். அதில் மொத்தம் 429 கோடி முகவரிதான். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் உலக ஜனத்தொகைக்கு ஆளுக்கு ஒண்ணு கூட வராது. அதிலும் ஆரம்பத்தில் வந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் பெரிய பெரிய மனைகளாக வளைத்துப் போட்டுக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்களுக்குச் சால்தான்.

இந்தப் பஞ்சத்துக்கு 1994 மே மாதம் ஒரு வழி எழுத்தில் வந்தது. ஆர்.எஃப்.சி. 1631 என்ற ஆவணம், எழுதியவர்கள் ஈகெவாங், பிரான்சிஸ் என்ற இருவர். முகவரி மாற்றித் தரும் முறை, சுருக்கமாக நாட். 1996 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 1918 வந்து, வீட்டுக்குள் மட்டும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று சில முகவரிகளை ஒதுக்கிக் கொடுத்தது. உங்க வீட்டு ரூட்டரில் 192.168 என்று தொடங்கும் எண் பார்த்திருப்பீங்க, அது இந்த வகைதான். நியூயார்க்கில் இருக்கும் வீட்டிலும் அதே எண், தாராவி தொண்ணூறடி ரோட்டில் இருக்கும் வீட்டிலும் அதே எண். வீட்டுக்குள் கூப்பிடுகிற செல்லப் பெயர் மாதிரி. வெளியே போய் "குட்டி"ன்னு கூப்பிட்டால் தெருவே திரும்பும்.

அப்படியானால் பதில் எப்படிச் சரியான பொட்டிக்கு வருகிறது? இதற்கு மும்பைக்காரனுக்கு விளக்கம் சொல்வது ரொம்ப சுலபம். டப்பாவாலாவைப் பாருங்க. ஒரு கட்டடத்தில் பத்து வீட்டு டப்பாவை ஒருத்தர் எடுத்துக்கொண்டு போகிறார். ஒவ்வொரு டப்பா மூடியிலும் பெயின்டில் சில எழுத்தும் எண்ணும் இருக்கும். எந்த ஸ்டேஷனில் ஏறியது, எங்கே இறங்க வேண்டும், எந்தக் கட்டடம், எந்த மாடி. சாயங்காலம் காலி டப்பா அதே குறியை வைத்துக்கொண்டு அதே அடுக்களைக்குத் திரும்பி வருகிறது. நாட் செய்வதும் அதேதான். உள்ளேயிருந்து போகும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு போர்ட் எண்ணைக் குறியாகப் போட்டு, "இந்தக் குறி மேக்குடையது, அந்தக் குறி லினக்ஸுடையது" என்று ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்கிறது. பதில் வந்ததும் பட்டியலைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. வெளியே இருக்கிறவருக்கு டப்பாவாலா மட்டும்தான் தெரியும், அடுக்களை தெரியாது.

சரி, மூணு பொட்டிக்கும் மூணு பாஷை ஆச்சே? 1990களின் நடுப்பகுதி வரை அது நிஜமான தலைவலிதான். மேக் தன் இனத்தோடு பேச ஆப்பிள்டாக், விண்டோஸ் தன் இனத்தோடு பேச நெட்பியூஇ, ஆபீஸ்களில் நாவெல்காரர்களின் ஐ.பி.எக்ஸ். ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குப் புரியாது. இணையம் 1983 ஜனவரி 1 முதல் டி.சி.பி./ஐ.பி. என்ற ஒரே பாஷையில்தான் பேசிக்கொண்டிருந்தது. இணையம் வேண்டும் என்று ஆசைப்பட்ட எல்லாரும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. தாராவியில் வீட்டுக்குள் தமிழ், குஜராத்தி, உருது என்று அவரவர் பேச்சு, தெருவுக்கு வந்தால் எல்லாருக்கும் பம்பாய் ஹிந்தி. அதே கதைதான். இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை, வியாபாரம் நடந்தால் சரி. விண்டோஸ் 95 அந்தப் பாஷையைக் கையோடு கொண்டு வந்தது, மேக்குக்கு ஏற்கெனவே தெரியும், லினக்ஸுக்கு அதுதான் தாய்மொழி.

எங்கள் வீட்டில் முதல் வாசல் விண்டோஸ் பொட்டிதான். வேறு வழியில்லை. அதற்குள் இருந்த மோடம் விண்மோடம் என்ற மலிவு ரகம். மோடம் செய்ய வேண்டிய வேலையில் பாதியை விண்டோஸ் மென்பொருள் தலையில் கட்டிவிடும், லினக்ஸில் போட்டால் ஊமை. 1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைப்பைப் பகிரும் வசதி உள்ளேயே வந்தது. அதைப் போட்டதும் பொட்டி தன் உள்வீட்டு முகவரியை 192.168.0.1 என்று வைத்துக்கொள்ளும், மற்றப் பொட்டிகளுக்கு முகவரி கொடுக்கும். ஒரு ஹப், மூணு ஈதர்நெட் வயர். மேக்கில் கன்ட்ரோல் பேனலைத் திறந்து டி.எச்.சி.பி. என்று தேர்ந்தெடுத்தோம், அவ்வளவுதான். மச்சான் முகத்தைப் பார்க்கணுமே!

ஆனால் குறை ஒண்ணு இருந்தது. வாசல் விண்டோஸ் என்பதால் அது தொங்கினால் வீடே தொங்கும். நீல ஸ்கிரீன் வந்தால் மூணு பேருக்கும் சேர்த்து வந்த மாதிரி. கடைசியில் அக்கா பையன் தூக்கிப் போட இருந்த ஒரு பழைய 486 பொட்டியைக் கொண்டு வந்தான். ஹார்ட் டிஸ்க் கூடக் கிடையாது. ஒரே ஃபிளாப்பியில் அடங்கும் லினக்ஸ், வெளியே வைக்கும் சீரியல் மோடம். லினக்ஸில் இந்த நாட் வேலைக்கு அப்போது மாஸ்கரேடிங் என்று பெயர், மாறுவேஷம் என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான். மூணு பேர் ஒரே வேஷம் போட்டுக்கொண்டு வெளியே போகிறோம் இல்லையா?

இந்த இடத்தில் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. வயரைப் பங்கு போட ஒரு ஃபிளாப்பி போதும். தமிழைப் பங்கு போட அப்படி எதுவும் இல்லை. ஒரே இணைப்பு, ஒரே தமிழ்ப் பத்திரிகைத் தளம், என் விண்டோஸில் தமிழ் தெரியும், மச்சானின் மேக்கில் பூச்சி பூச்சியாகத் தெரியும். காரணம், பத்திரிகைக்குப் பத்திரிகை தனி எழுத்துரு, தனிக் குறியீடு. பக்கத்தோடு சேர்ந்து எழுத்துருவும் இறங்கும் வசதி சில தளங்களில் இருந்தது, அதுவும் பெரும்பாலும் விண்டோஸில் ஓடும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குத்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, அதைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்று தரங்களை அறிவித்தது. இணையத் தமிழர்கள் நடுவே டிஸ்கி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு யூனிகோடு வந்துதான் மூணு பொட்டியும் ஒரே பக்கத்தை ஒரே மாதிரி படித்தன. மும்பையிலும் துபாயிலும் டொரண்டோவிலும் இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஊர்ச் செய்தி படிக்க ஊர் எழுத்துரு தேடி அலைந்த தலைமுறை இல்லையா நாம்?

கேபிள்காரர்கள் திரும்ப வருவார்கள் என்று சொன்னேனே. 2000-க்குப் பிறகு மும்பையில் வேகமான இணையத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்ததில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. டிவி வயர் போன அதே மொட்டை மாடி வழியில் ஈதர்நெட் வயரும் போனது. ஈதர்நெட் வயர் ஒரு மூச்சில் நூறு மீட்டர்தான் தாங்கும். அதற்கு மேல் போக வேண்டுமானால் நடுவில் ஒரு ஸ்விட்ச். அதனால் கட்டடத்துக்குக் கட்டடம் மாடிப்படிக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி. மழைக்காலத்தில் ஒரு இடி இடித்தால் ஸ்விட்ச் போய்விடும், கூடவே நம் பொட்டியின் நெட்வொர்க் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஜூன் மாதம் வந்தால் லேமிங்டன் ரோட்டுக்கு ஒரு நடை என்பது எங்கள் கட்டடத்தில் வழக்கம்.

கேபிள்காரருக்கு ஒரு வீட்டுக்கு ஒரு பொட்டி என்பது கணக்கு. ரெண்டாவது பொட்டிக்கு ரெண்டாவது சந்தா. அதற்காக நெட்வொர்க் கார்டில் தொழிற்சாலையிலேயே பதித்து வரும் எண்ணைப் பதிவு செய்துகொள்வார், அந்தக் கார்டு இல்லாவிட்டால் இணையம் வராது. அந்த எண்ணுக்குப் பெயர் மேக் அட்ரஸ். "எங்கிட்ட மேக் கம்ப்யூட்டர் இருக்கு" என்று மச்சான் சொல்ல, "அதான் சார், மேக் நம்பரைக் குடுங்க" என்று கேபிள் பையன் சொல்ல, பத்து நிமிஷம் ரெண்டு பேரும் வேறு வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள். மேக்கின்டாஷுக்கும் மேக் அட்ரஸுக்கும் சம்பந்தம் கிடையாது என்பதைப் புரியவைக்க ஒரு கட்டிங் சாய் செலவானது. அப்புறம் ரெண்டாவது பொட்டிக்கும் சேர்த்தே சந்தா கட்டிவிட்டோம், அது வேறு கதை.

2004 அக்டோபரில் அரசாங்கம் பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தது. நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட்! 2005 தொடக்கத்தில் எம்.டி.என்.எல். மும்பையில் டிரைபேண்ட் கொண்டு வந்தது. அதே செம்பு போன் வயர்தான், ஆனால் போனும் பேசலாம், இணையமும் ஓடும். இந்த ஏ.டி.எஸ்.எல். மோடத்தை யு.எஸ்.பி. வயரில் இணைத்தால் டிரைவர் கேட்கும், விண்டோஸ்காரருக்கு மட்டும் சுகம். ஈதர்நெட் வயரில் இணைத்தால் எந்தப் பொட்டியும் ஓடும். மோடத்துக்குள்ளேயே ரூட்டரும் நாட்டும் வந்துவிட்டதால் எங்கள் 486-க்கு ஓய்வு கொடுத்தோம். வாசலில் நிற்க இனி விண்டோஸும் வேண்டாம், லினக்ஸும் வேண்டாம். மூணு பொட்டிக்கும் சம அந்தஸ்து கிடைத்தது அன்றைக்குத்தான்.

அதே 2005 ஜனவரியில் வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு வீட்டுக்கு வெளியேயும் லைசென்ஸ் தேவையில்லை என்று ஆனது. ரூட்டருக்கு ரெண்டு கொம்பு முளைத்தது. அதுவரை வயரைப் பிடித்தவர்தான் பங்காளி. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் பங்காளி. பூட்டு இருந்ததே என்பீர்கள். வெப் என்ற முதல் பூட்டை உடைக்கும் வழியை 2001-லேயே ஆராய்ச்சியாளர்கள் விளக்கிவிட்டார்கள். அதைவிட நல்ல டபிள்யூ.பி.ஏ. பூட்டு 2003 முதல் உண்டு. ஆனால் பூட்டே போடாத வீடுகள்தான் அதிகம். வாங்கி வந்த பெட்டியைச் சொருகினால் ஓடுகிறது, அப்புறம் எதற்கு அதைக் கிண்டுவது?

2008-ல் அதற்கு விடை வந்தது.

அந்த வருஷம் ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். வெடிப்பதற்குச் சில நிமிஷம் முன்னால் இந்தியன் முஜாஹிதீன் பெயரில் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. அதன் ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் போய் நின்ற இடம் நவி மும்பை சான்பாடாவில் ஒரு அமெரிக்கரின் வீடு. அவருடைய வைஃபையை வெளியாள் பயன்படுத்தியிருந்தான். ஆகஸ்ட் 23 அன்று அடுத்த மின்னஞ்சல். இந்தத் தடவை முகவரி மாட்டுங்கா கால்சா கல்லூரி. கிங்ஸ் சர்க்கிள் பக்கம், நம்ம ஆட்கள் காலையில் இட்லி சாப்பிடப் போகிற வழியில் இருக்கும் கல்லூரி. செப்டம்பர் 13, டெல்லியில் குண்டுவெடிப்பு, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பலி. அந்த மின்னஞ்சலின் முகவரி செம்பூரில் இருந்த ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபை.

சான்பாடா, மாட்டுங்கா, செம்பூர். மூணு இடத்திலும் இணைப்புக்குச் சொந்தக்காரர்களுக்கும் குற்றத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் முதலில் கேள்விக்குப் பதில் சொல்ல நின்றவர்கள் அவர்கள்தான். நாட் பட்டியலை நினைத்துப் பாருங்க. எந்தக் குறி எந்தப் பொட்டியுடையது என்பது ரூட்டருக்கு மட்டும் தெரியும், அதுவும் சில நிமிஷத்துக்குத்தான். அப்புறம் அழிந்துவிடும். வெளி உலகத்துக்கு மிஞ்சுவது ஒரே முகவரி, அந்த முகவரிக்குப் பின்னால் பில் கட்டுகிறவரின் பெயர். டப்பாவில் என்ன இருந்தது என்று கேட்டால் டப்பாவாலா எங்கே போவார்?

நவம்பரில் 26/11. அதற்குப் பிறகு ஊரே மாறிவிட்டது. 2009 ஜனவரியில் மும்பை போலீஸ் தெருத்தெருவாகப் பூட்டில்லாத வைஃபை தேடும் வேலையில் இறங்கியது. அதே வருஷம் தொலைத்தொடர்புத் துறையும் வைஃபை பயன்படுத்துபவர் யார் என்று உறுதி செய்ய வேண்டும் என இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. எங்கள் சொசைட்டியிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள்: வைஃபை வைத்திருப்பவர்கள் பாஸ்வேர்ட் போட வேண்டும், அடுத்த வீட்டாருக்குக் கொடுக்கக் கூடாது.

அந்த நோட்டீஸ் ஒட்டிய வாரம்தான் பக்கத்து வீட்டு மாமி வந்து கேட்டார். பையன் அமெரிக்காவில். வாரத்துக்கு ஒரு நாள் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவான். தாதரில் இருந்த நெட் சென்டருக்குப் போய்த்தான் பேசுவார், இப்போது அங்கே அடையாள அட்டை, ஜெராக்ஸ், கையெழுத்து என்று நெருக்குகிறார்கள். முழங்கால் வலி வேறு. பையன் விட்டுப் போன பழைய லேப்டாப் ஒண்ணு வீட்டில் இருக்கிறது.

"உங்காத்து நெட்டு எங்காத்து ஹால் வரைக்கும் வர்றதாமே, அந்தப் பாஸ்வேர்டை மட்டும் சொல்லுங்கோளேன்."

என்ன சொல்வது? போன் இல்லாத காலத்தில் என் மனைவியின் பிரசவச் செய்தி ஊருக்குப் போனது அந்த மாமி வீட்டு போனிலிருந்துதான். பங்கு வாங்கிக்கொண்டு பங்கு தரமாட்டேன் என்றால் நியாயமா? அதே சமயம் அந்த லேப்டாப்பை மாமி மட்டுமா தொடுவார்? அந்த வீட்டுக்கு வாடகைக்கு இருந்த பேச்சிலர் பையன்கள், வந்து போகிறவர்கள்... எல்லாருமே வெளியே போனால் என் பெயரில்தான் போவார்கள். போன் பேசினால் பேசுவது யார் என்று குரலே சொல்லிவிடும். இணையத்தில் குரல் இல்லை, எண்தான்.

ராத்திரி வீட்டில் பேசினோம். மச்சான் கொடுக்கலாம் என்றார், அக்கா பையன் கூடாது என்றான், மனைவிதான் முடித்து வைத்தாள். "பாஸ்வேர்டை எதுக்குக் குடுக்கணும்? நாற்காலியைக் குடுப்போம். ஞாயித்துக்கிழமை காலையில மாமி இங்க வந்து பேசட்டும்." அப்படியே ஆனது. என் பொட்டியில் மாமிக்குத் தனி யூசர் கணக்கு, பெரிய எழுத்து, மேலே ஒரே ஒரு ஐகான். வருஷக்கணக்காக ஞாயிறு காலை எங்கள் வீட்டில் மாமியும் பேரனும் பேசும் சத்தத்தோடுதான் விடிந்தது. வரும்போது கையில் ஒரு கிண்ணம் வத்தக்குழம்பும் வரும். வேகத்துக்கு வாடகை வாங்கினோம் என்று வைத்துக்கொள்ளுங்களேன் :-)

இது 2008 கதை, இப்போது என்ன என்று கேட்பீர்கள்.

2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த பழைய முகவரிகள் தீர்ந்துபோயின. அதே ஏப்ரலில் நம்ம ஆசியப் பகுதியின் கையிருப்பும் கடைசிப் பானைக்கு வந்துவிட்டது. அதனால் எங்கள் வீட்டு 486 செய்த வேலையை இப்போது நிறுவனங்களே ஊரளவில் செய்கின்றன. பல வாடிக்கையாளர்களை ஒரு முகவரிக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். அதற்கென்றே 100.64 என்று தொடங்கும் முகவரிகளை 2012-ல் ஒதுக்கினார்கள். சந்துக்கு ஒரு போன் இருந்த மாதிரி, பேட்டைக்கு ஒரு முகவரி. எந்த நேரத்தில் யார் எந்தக் குறியோடு போனார்கள் என்ற பட்டியல் இப்போது அவர்கள் கையில். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு ஆறாம் பதிப்பு முகவரிகள் இந்தியாவில் வேகமாகப் பரவின. அதில் முகவரிப் பஞ்சம் கிடையாது, ஒவ்வொரு பொட்டிக்கும் சொந்த முகவரி. ஆனால் முகவரியின் முன்பாதி பொதுவாக வீட்டுக்கு ஒண்ணுதான். குடும்பப் பெயர் மாதிரி. எனவே பில் கட்டுகிறவர் பெயர் எங்கேயும் போய்விடவில்லை.

2020 ஊரடங்கில் தாராவியில் பத்துக்குப் பத்து அறைகளில் ஒரே கைபேசியை வைத்துக்கொண்டு அண்ணன் தங்கை ரெண்டு பேரும் மாற்றி மாற்றி ஆன்லைன் வகுப்பு கேட்ட கதை எல்லாருக்கும் தெரியும். கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பழைய லேப்டாப்புக்கு இணையம் கொடுக்கிறோமே, அதுவும் நாட்தான். ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ். ஒரு ஃபிளாப்பியில் எங்கள் வீட்டு வாசலில் மாறுவேஷம் போட்ட அதே லினக்ஸின் வாரிசு இப்போது எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. சமையல்கட்டில் அம்மாவின் ஆண்ட்ராய்டு, மகளின் ஐபேட், அப்பாவின் விண்டோஸ், ஹாலில் டிவி என்று எத்தனை இனம் இருந்தாலும் யாரும் யாரிடமும் பாஷை கேட்பதில்லை.

பொட்டிகள் ஒத்துப்போகப் பதினைந்து வருஷம் பிடித்தது, அந்தப் பிரச்சினை முடிந்தது. மனுஷர்கள் பிரச்சினை முடியவில்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் நியூஜெர்சியிலும் மூணு பேர் நாலு பேராக வீடு எடுத்துத் தங்கும் நம்ம பசங்கள் இணைப்பை ஒருத்தர் பெயரில் எடுத்துப் பில்லைப் பங்கு போடுகிறார்கள். பில் நாலாகப் பிரியும், பெயர் பிரியாது. வீட்டை விட்டுக் காலி செய்து போகிறவர் பாஸ்வேர்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறார். அதனால் ஆள் மாறும்போதெல்லாம் பாஸ்வேர்டை மாற்றுங்க. விருந்தாளிக்கு என்று தனி வைஃபை பெயர் வைக்கும் வசதி இன்றைய ரூட்டர்கள் பலவற்றில் இருக்கிறது, அதைப் போட்டு விடுங்க. ரூட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை அப்படியே விட்டு வைக்காதீங்க.

அதற்காக யாருக்கும் கொடுக்காதீங்க என்று நான் சொல்ல மாட்டேன். ஒருத்தருக்கொருத்தர் கொடுக்காமல் நாம் யாரும் இந்த ஊரில் கால் ஊன்றியிருக்க முடியாது. யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்க. முடிந்தால் நாற்காலியோடு கொடுங்க.